ஆவுடையப்பனின் பிளாஸ்க்கு

ஆவுடையப்பன் என்று சாமி பெயரை வைத்துக்கொண்டு, சாமியாவது பூதமாவது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷர் அவர். பெயரைச் சொல்லி யாராவது மடக்கினால், அது எங்க அப்பன் வச்சது, போய் அவர்ட்டக் கேளுங்க என்பார். அப்பன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போகிற தனியார் பஸ்ஸில் ஆயுசு பூராவும் கண்டக்டர். பின்படியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் முன்படியில் தொங்குகிறவன் தானாக உள்ளே ஏறிவிடுவான். ஆள்தான் வேலையிலிருந்து நின்றாரே தவிர, அந்தத் தொண்டை டூட்டியிலேயே இருந்தது. அப்படிப்பட்டவர் இப்போது பூங்காவில் தலையைக் குனிந்துகொண்டு வாய் திறக்காமல் நடக்கிறார். பார்க்கிறவர்கள் சுகர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுகர் இல்லை அய்யா, வெட்கம்.

அவர் பேச்சைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. காலையில் வண்டி எடுக்கும்போது டிரைவர் சூடம் கொளுத்தி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். இவர் ஒதுங்கி நின்று, பழந்தான் நசுங்கும், பஞ்சர் நிக்காது என்பார். வீட்டில் மனைவி உண்ணாமலை வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால், கரண்டு பில்லு மிச்சம் என்பார். அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். அதிலும் பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்களைக் கண்டால் மனுஷருக்கு ஆகவே ஆகாது. பாம்புக்கு உறிஞ்ச உதடு கிடையாது, அது பாலைக் குடிக்காது, உள்ளே ஊற்றினால் மூச்சு முட்டித்தான் சாகும் என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே வகுப்பெடுப்பார். ஆடி வெள்ளிக்குப் பால் சொம்போடு நிற்கிற பெண்கள், இவர் வண்டி என்று தெரிந்தால் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

ஊருக்கெல்லாம் தொல்லையான அந்த வாய் ஒரே ஒருத்திக்கு நிழலாக இருந்தது. அவருடைய மகள் பிரகதீஸ்வரிக்கு. பெயர் உண்ணாமலை வைத்தது, அந்த ஒரு சண்டையில் மட்டும் மனுஷர் தோற்றுப்போனார்.

பிரகதியைத் திருமயத்தில் எழிலரசனுக்குக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், குவைத்தில் வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவான். வந்த லீவிலும் பாதி, கல்யாணம் காதுகுத்து என்று அலைவதிலேயே போய்விடும். இப்படி இருந்தால் பிள்ளை எங்கிருந்து வரும்? கூரியரிலா வரும்? ரெண்டு பேரையும் திருச்சியில் டாக்டர் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. டாக்டர் சொன்னால் யார் கேட்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்தால், விசேஷம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்து இலைக்காரி தன் இலையைப் பார்ப்பாள். வளைகாப்பு வீட்டில் இவள் முறை வரும்போது சந்தனக் கிண்ணம் வேறு கைக்குப் போய்விடும். இவள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி உட்கார்ந்துகொள்வாள்.

அந்தக் கேள்வியோடு யாராவது ஆவுடையப்பன் வீட்டு வாசலுக்கு வந்தால் தொலைந்தார்கள். கூடப்பிறந்த அக்கா காத்தாயி, கீரமங்கலத்திலிருந்து பலாப்பழமும் பூவும் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கக்கூடாதா? நாகதோஷமாக இருக்கும், வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைத்தால் வயிறு திறக்கும் என்று தொடங்கிவிட்டார். இவர் நிறுத்திச் சொன்னார்.

"எம் மகளுக்கு ஒரு கொறையும் இல்ல. ஒனக்குத்தான் தலைக்குள்ள கொறை."

சொன்ன கையோடு அக்காவைப் பலாப்பழத்தோடு திரும்ப பஸ் ஏற்றியும் விட்டார். உள் ரூமில் பிரகதி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதனால்தான் மாசியில் எழிலரசன் லீவு முடிந்து விமானம் ஏறியதும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். திருமயத்தில் மாமியார் காலைக் காப்பிக்கு முன்னாலேயே நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார். இங்கே எண்ணுகிற ஆள் இல்லை. ஆனாலும் வந்தவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் தடவிக்கொண்டு கிடந்தாள். ஆவுடையப்பன் பார்த்தார். வா ஆத்தா, காத்தாட நடந்துட்டு வருவோம் என்று எக்ஸெல் வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்.

பூங்கா என்றால் பெரிய காடு கீடு என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் முடிகிற இடத்தில், பைபாஸுக்கு இங்கிட்டு, ஒரு பழைய ஊருணி. அதன் மூன்று பக்கமும் கல் பதித்து, பெஞ்சு போட்டு, சிமெண்டில் மான் பொம்மை எல்லாம் வைத்தார்கள். மேலக்கரையை மட்டும் ஏனோ தொடாமல் விட்டுவிட்டார்கள். செம்மண் மேடும் ஆவாரஞ்செடியும் சாய்ந்த வாகை மரமும் முள்கம்பி வேலியுமாக அது தன் பாட்டுக்குக் கிடந்தது. அப்படி விட்டதே நல்லதாகப் போயிற்று. உயிருள்ளது எல்லாம் அங்கேதான் இருந்தது. முக்குளிப்பான் தண்ணீரில் முங்கினால் எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது. உடும்பு ஒன்று, பென்ஷன் ஆபீஸில் காத்திருக்கிறவர் மாதிரி அசையாமல் வெயில் காயும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறிச் சண்டை போட்டுவிட்டுக் கூட்டமாகவே போகும். மயில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப்பார்த்துவிட்டு, மனுஷ வாடை பிடிக்காமல் திரும்பிவிடும். பஸ் ஸ்டாண்டு இரைச்சல் அங்கிட்டு வரவே வராது. ஆவுடையப்பன் இல்லாத நேரத்தில் அப்படி ஒரு அமைதி.

அவருக்கு அங்கே ஒரு நடைக்கூட்டம் உண்டு. தாலுகா ஆபீஸிலிருந்து ரிடையரான சோலையப்பன் அதில் முக்கியம், இவரை அண்ணே அண்ணே என்று சுற்றிவருகிறவர். கல் பாதையில் ரவுண்டு அடித்துக்கொண்டே அரசியல், பஸ் கட்டணம், மூடநம்பிக்கை என்று பேச்சு ஓடும். முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஆவுடையப்பனின் பச்சைக் கலர் பிளாஸ்க்கிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் சர்க்கரையில்லாக் காப்பி. அந்தப் பிளாஸ்க்கு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

பிரகதி ரவுண்டுக்கு வரமாட்டாள். மேலக்கரைப் பக்கம் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். முதலில் தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் வேலிக்கம்பியில் இருந்த ரெண்டு குருவிகளைப் பார்த்தாள். உடம்பெல்லாம் பச்சை, தொண்டையில் கறுப்புக் கோடு, வால் நடுவில் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியிலிருந்து எழும்பித் தும்பியை அந்தரத்திலேயே பிடிக்கும், திரும்பி வந்து கம்பியில் அடித்துத் தின்னும். போனில் தேடிப் பஞ்சுருட்டான் என்று பேர் கண்டுபிடித்தாள். அவை கரையில் பொந்து தோண்டுவதைப் பார்த்தாள். ஒன்று உள்ளே போய்க் காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ள, மற்றது கம்பியில் காவல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அடுப்படியில் நின்று அதைச் சொன்னாள். அவள் வாய்விட்டுப் பேசியே எவ்வளவோ நாளாகியிருந்தது, உண்ணாமலை தாளிப்பைக் கருகவிட்டுவிட்டுக் கேட்டாள்.

அப்பாவிடம் வண்டியில் போகும்போது சொல்வாள். ஒண்ணுதாம்ப்பா வெளிய இருக்கு, இன்னொண்ணு உள்ள அடைகாக்குது. அப்பா, குஞ்சு பொரிச்சிருச்சு, பொந்துல காத வச்சேன், உள்ள கத்துது. அவர் அப்படியா ஆத்தா, அப்படியா ஆத்தா என்பார். மகள் பேசுகிறாள் என்பதில் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். என்ன பேசுகிறாள் என்பது ஒரு காதில் வாங்கி மறு காதில் போய்விடும். எந்தக் கரை, எந்தப் பொந்து என்று ஒருநாளாவது கேட்டாரா? இறங்கி வா ஆத்தா காட்டு என்று ஒருநாளாவது போய்ப் பார்த்தாரா? அந்தக் குருவியை அவர் தூரத்திலிருந்து, ஊசிவாலு நல்லாருக்கா என்று கேலி பண்ணியதோடு சரி. அவருக்கு ரவுண்டு முக்கியம், பேச்சு முக்கியம்.

பங்குனியில் பிரகதிக்கு நாள் தள்ளிப்போயிற்று. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் உண்ணாமலை பப்பாளி வாங்குவதை நிறுத்தினாள். மகள் வாளியைத் தூக்கக் குனிந்தால் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். ஆவுடையப்பன் தன் பங்குக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போகாத குறையாக ஓட்டினார். வேகத்தடை வந்தால் வண்டி எறும்பாகிவிடும். சொல்லவில்லையே தவிர, அவருக்குள்ளும் ஒன்று முளைவிட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் திருமயத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன் பண்ணினார். உண்ணாமலை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரித்துவிட்டு, சித்திரை பிறக்கட்டும், உட்கார்ந்து ஒரு முடிவு பேசிக்கொள்வோம், எம் மகனுக்கும் வயசு ஏறுதுல்ல என்றார். கோபமே இல்லாமல் தேங்காய் விலை சொல்கிற மாதிரி சொன்னார். பிரகதி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், அவள் காதுக்கு வரவில்லை. உண்ணாமலை போனை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடிகாலை உண்ணாமலை அடுப்படியில் மெல்லச் சொன்னாள்.

"புள்ள தூரமாயிருச்சுங்க. வயித்துவலின்னு படுத்திருக்கு. இன்னைக்குப் பூங்காவுக்கு வரலையாம்."

அவ்வளவுதான். மகளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் மனுஷரைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஞாபகம் வந்தது பாருங்கள், நாலைந்து நாளைக்கு முன்னால் மேலக்கரைப் பக்கம் போனபோது சோலையப்பன் வேலிக்குள் கையைக் காட்டி, அண்ணே, நல்லது நடமாட்டம் இருக்கு என்று பாம்பைப் பேர் சொல்லாமல் சொன்னது. செம்மண் மேட்டில் ஒரு பொந்து. அதன் பக்கத்தில் ஒரு பாம்புச் சட்டை வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இவர் சிரித்து, அதுக்கும் பால் கார்டு போட்டுருவோமா என்று கேட்டிருந்தார்.

உண்ணாமலை முகம் கழுவப் பின்பக்கம் போனாள். ஆவுடையப்பன் காய்ச்சாத பாலைப் பிளாஸ்க்கில் ஊற்றினார். பிரிட்ஜிலிருந்து ஒரு முட்டையை எடுத்து டிராக் பேண்டு பைக்குள் விட்டுக்கொண்டார். சாமி மாடத்தில் கை வைத்து மஞ்சளும் குங்குமமும் காகிதத்தில் மடித்தார். சொந்த வீட்டில், சொந்தப் பாலை, திருடன் மாதிரி எடுத்துக்கொண்டு வண்டியை வாசலில் கிளப்பாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார். முட்டை உடைந்துவிடாமல் ஒரு காலை அகட்டி வைத்துக்கொண்டு அவர் போன கோலத்தை அவருடைய பழைய பாசஞ்சர்கள் பார்த்திருக்க வேண்டும்.

நடைக்கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விட்டார். வேலிக்கம்பியைத் தூக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தபோது சட்டையில் முள் கிழித்தது. பொந்துக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு என்ன சொல்லி வேண்டுவது என்றே தெரியவில்லை. பழக்கம் இருந்தால்தானே? கடைசியில், எம் புள்ளைய வாழ வையிங்க என்று முணுமுணுத்தார். பாம்புக்கு மரியாதை வேறு. பிளாஸ்க்கைக் கவிழ்த்தார். பால் பொந்துக்குள் ஓடி இறங்கியது. முட்டையை வெளியில் வைத்தால் சரிவில் உருண்டது, ஆகையால் பொந்தின் வாயிலேயே வைத்து அமுக்கினார். அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் மஞ்சளைத் தடவிப் பொட்டு வைத்தார். தலைக்கு மேலே ரெண்டு குருவிகள் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒன்று காதோரம் உரசிக்கொண்டு போயிற்று. அவர் கையால் விரட்டினார். அப்புறம், பட்சி வந்து சுற்றுவது நல்ல சகுனமாக இருக்குமோ என்றுகூட நினைத்தார். மனுஷன் ஒரு படி சறுக்கினால் எத்தனை படி இறங்கிவிடுகிறான் பாருங்கள்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சோலையப்பன் வந்துவிட்டார். ரவுண்டு முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கை வாங்கித் திறக்கப் போனார். இவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, இன்னைக்குக் காப்பி போடலப்பா என்றார். பிறகு வெறும் பிளாஸ்க்க எதுக்குண்ணே தூக்கிட்டு வந்தீங்க என்று சோலையப்பன் கேட்டதற்கு, பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளித்தார். தோஷம் என்ற வார்த்தை வாயில் வந்ததும் அவருக்கே முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு அவர் பேசவில்லை. பேச வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறந்திருப்பார்.

பிரகதி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இறங்கியதுமே, குஞ்சு வெளிய எட்டிப்பாக்க ஆரம்பிச்சிருக்கும்ப்பா என்று வேகமாக மேலக்கரைக்கு நடந்தாள். இவர் கூட்டத்தோடு ரவுண்டுக்குப் போனார். பாதி ரவுண்டில் அவள் கூப்பிட்ட சத்தம் கேட்டது. அந்தப் பூங்காவில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஓடினார்கள்.

அவள் வேலிக்குள் செம்மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் மஞ்சள் பூசிய முட்டை. கம்பியில் அந்த ரெண்டும் இருந்தன. ஒன்றின் அலகில் தும்பி துடித்துக்கொண்டிருந்தது. அது பொந்துவரை பறந்து வரும், வாயருகில் நின்று சிறகடிக்கும், திரும்பிக் கம்பிக்குப் போய்விடும். மறுபடி வரும். பொந்திலிருந்து கட்டெறும்பு சாரைசாரையாக வந்துகொண்டிருந்தது, புளித்த பால் வாடை அடித்தது. ஆவுடையப்பன் முட்டையைப் பார்த்தார், தன் விரல் தடவிய மஞ்சளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு, இத்தனை நாள் வண்டியில் பின்னாலிருந்து வந்த பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து காதுக்குள் விழுந்தது.

சத்தமே கேக்கலப்பா என்று பிரகதி பொந்தைக் காட்டினாள். திருமயத்திலிருந்து வந்த நாளிலிருந்து அழாதவள் அங்கே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த மூதேவி பண்ணுன வேலை இது என்று கேட்டாள். அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் அவர் பார்த்ததே இல்லை.

சோலையப்பனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பொம்பளைங்க வேலைதான், வெள்ளிக்கிழமை எவளோ வந்து ஊற்றியிருக்கிறாள், படித்தும் புத்தி வரவில்லை என்று பொரிந்தார். நடக்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். இதுல நம்ம அண்ணன் பேசணும், அண்ணே, நாலு வார்த்தை நறுக்குன்னு சொல்லுங்கண்ணே என்று ஆவுடையப்பனைப் பிடித்துப் பெஞ்சுப் பக்கம் நிறுத்திவிட்டார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். அப்பா பேசுவார், பேசி அந்தப் பாவியை நாறடிப்பார் என்று காத்துக்கொண்டு பார்த்தாள்.

"பாம்புக்கு உறிஞ்ச உதடு..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் எத்தனையோ தரம் முழங்கிய பேச்சு, அடுத்த வார்த்தை என்ன என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை. சோலையப்பன் பாவம், அண்ணனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து, மிச்சத்தை அவரே எடுத்துக்கொடுத்தார்.

"உள்ள ஊத்துனா மூச்சு முட்டித்தான் சாகும். அண்ணன் அன்னைக்கே சொன்னாரு, எவன் கேட்டான்?"

நின்ற இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது மனுஷருக்கு. சோலையப்பன் அவரை ஆதரவாகப் பிடித்து உட்காரவைத்து, அண்ணன் ரொம்ப நொந்துட்டாரு, ஒரு வாய் காப்பி குடிங்க, வெள்ளிக்கிழமை மாதிரி இன்னைக்கும் வெறும் பிளாஸ்க்கத் தூக்கிட்டு வந்துரலையே என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பிரகதி பிளாஸ்க்கைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டையில் தோளோரம் முள் கிழித்து அம்மா தைத்துக்கொடுத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை. அவள் முட்டையை ஆவாரஞ்செடிக்கு அடியில் வைத்துவிட்டு, போலாமாப்பா என்றாள்.

வண்டி ஊருக்குள் நுழைந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா. பிளாஸ்க்குல பாலா இருந்துச்சு?"

ஆயுசு பூராவும் டிக்கெட் எடுக்காதவன் சொல்கிற பொய்யெல்லாம் கேட்டவர். ஒன்றை எடுத்துவிட்டிருக்கலாம். ஆமாத்தா என்றார்.

"எனக்காகவா?"

வண்டி தானாக மெதுவாகிவிட்டது.

"நீங்க வேகத்தடையில எறங்கி உருட்டாத கொறையா ஓட்டுனப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்றாள் பிரகதி. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "போற எடத்துலெல்லாம் எம் மூஞ்சியப் பாக்க மாட்டாங்கப்பா, வயித்தத்தான் பாப்பாங்க. நம்ம வீட்ல மட்டுந்தான் அது கெடையாதுன்னு வந்தேன்."

"பயந்துட்டேன்த்தா" என்றார். எதிர்க்காற்றில் கண்ணில் தண்ணீர் ஓடியது. "ஒன்ன வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டேன்."

"எனக்கும் பயந்தான். அதுக்குத்தானே நான் குருவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வீட்டுக்கு வந்து அவரே உண்ணாமலையிடம் சொன்னார். ஆயுசெல்லாம் கேலி வாங்கிய மனுஷி, திருப்பிக் கொடுக்க இதைவிட ஒரு நாள் கிடைக்குமா? அவள் அதைச் செய்யவில்லை. பாலு கொறைஞ்சப்பவே தெரியும், முட்டையவும் காணோம், நீங்களாச்சும் ஒருதரம் கும்பிடுங்களேன்னு விட்டுட்டேன், சட்டையவும் நாந்தானே தச்சேன் என்று கண்ணைத் துடைத்தாள். கேலி பண்ணியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் பிரகதி பையை எடுத்துத் துணி அடுக்கினாள். திருமயத்துக்கே போறேன், எங்க இருந்தா என்ன என்றாள். ஆவுடையப்பன் ரூம் வாசலிலேயே நின்றார். அந்த நேரத்தில் சம்பந்தியம்மாள் மறுபடி போன் பண்ணினார். இந்தத் தடவை உண்ணாமலை கையிலிருந்து போனை இவர் வாங்கினார். எம் மகளுக்கு ஒரு கொறையும் இல்லங்க என்றார். முடிவு பேச வேண்டியது ஒங்க மகன், அவர் எம் மகள்ட்டப் பேசட்டும், நீங்களும் நானும் பேச அதுல ஒண்ணுமில்ல என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அக்காவை விரட்டிய அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. பிரகதி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குக் கேட்டபோது நம்பினாள். இன்றைக்குக் கேட்டுவிட்டு, மடித்த சேலையை மடியிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். ராத்திரி எழிலரசன் போன் பண்ணியபோது, நடந்ததை அவளே அவனிடம் சொன்னாள். எங்கேயும் போக வேண்டாம், அடுத்த லீவுக்கு நான் அங்கேயே வாரேன் என்று அவன் சொன்னதாக உண்ணாமலை வந்து சொன்னாள். மகள் வந்து சொல்லவில்லை.

பஞ்சுருட்டான்கள் கொஞ்ச நாள் கம்பியில் இருந்தன, அப்புறம் காணவில்லை. பிரகதி பூங்காவுக்கு வருகிறாள், அதே பெஞ்சில் உட்கார்கிறாள். என்ன பார்த்தாய் என்று இப்போது ஆவுடையப்பன் கேட்கிறார். முக்குளிப்பான்ப்பா, உடும்புப்பா என்று ஒரு வார்த்தையில் சொல்கிறாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார், ஆனால் பின்னாலிருந்து பேச்சு வருவதில்லை. நடைக்கூட்டத்துக்கு இதுவரை உண்மை தெரியாது. சோலையப்பன் அந்தப் பொந்தைத் தாண்டும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தப் பெண்பிள்ளையைத் திட்டுகிறார். ஆவுடையப்பன் அத்தனையையும் குனிந்து வாங்கிக்கொண்டு நடக்கிறார். மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் கப்பலேறிவிடும். அவள் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்காததுதான் அவரை ரொம்பக் கொல்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை விடிகாலை அவர் பிளாஸ்க்கில் காப்பியை ஊற்றி மூடிக்கொண்டிருந்தபோது பிரகதி தலையை முடிந்துகொண்டு வந்தாள். கையை நீட்டிப் பிளாஸ்க்கை வாங்கினாள். மூடியைத் திருகித் திறந்து மோந்து பார்த்தாள். காப்பிதான். மறுபடி மூடி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இப்போதெல்லாம் அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவர் மூடியைத் திறந்து நீட்டிவிடுகிறார். என்றைக்காவது ஒருநாள், வேணாம்ப்பா என்று சொல்லிவிட மாட்டாளா என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் நீட்டுகிறார். அவள் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறாள்.